பெரியவன், சின்னவன், ஒன்பது வாக்கியங்கள்

ஒரே கட்டடத்தில் இரண்டு லிஃப்ட் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால், அவற்றைப் பழுது பார்க்கிறவர்கள் நம்பர் போட்டுச் சொல்வதில்லை. முதலில் வந்தது பெரியவன், பின்னால் வந்தது சின்னவன். வீட்டுப் பிள்ளைகளைச் சொல்கிற மாதிரிதான். தம்பி வளர்ந்து அண்ணனைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டால் அவனைப் பெரியவன் என்று யாரும் மாற்றிக் கூப்பிடுவதில்லை. ஒரு மருத்துவமனையில் ஆறு பேர் ஏறினாலே முனகுகிற பழைய கூண்டுக்குப் பெரியவன் என்று பெயர். கட்டிலோடு நோயாளியை ஏற்றிச் சுற்றிலும் பத்துப் பேர் நின்றாலும் அசராத புதுக் கூண்டுக்குச் சின்னவன் என்று பெயர். மேலே மோட்டார் அறையிலிருந்து ஒருவர் "பெரியவன் ஆஃப்ல இருக்கானா?" என்று கேட்டால், கீழே இருப்பவர் பழையதன் சுவிட்சைத்தான் பார்ப்பார். அதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. ஆளின் உயிர் அந்த ஒரு சொல்லில் தொங்குவதால் வரவும் விடமாட்டார்கள்.

நம் ஆள் அந்தத் தொழிலில் முப்பத்தோரு வருஷம். தெருவில் எல்லாருக்கும் அவர் லிஃப்ட்காரர். பேச்சு குறைவு, காது கூர்மை. மோட்டாரின் பேரிங் தேய்வது மற்றவர்களுக்குத் தெரிவதற்கு மூன்று மாதம் முன்பே அவருக்குக் கேட்டுவிடும். காதை மட்டும் நம்பாமல், போகிற கட்டடத்தில் எல்லாம் மோட்டார் ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து கொண்டுவந்து வீட்டுக் கணினியில் சேர்த்து வைப்பார். போன மாதச் சத்தத்தையும் இந்த மாதச் சத்தத்தையும் மாற்றி மாற்றிக் கேட்பார். இப்படிப் பன்னிரண்டு வருஷச் சத்தம் அதில் இருந்தது.

"ஊர்ல புருஷன்மாரெல்லாம் பாட்டு சேத்து வைப்பாங்க. இவர் உறுமல் சேத்து வச்சிருக்கார்" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அம்மாள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பதினெட்டு வருஷமாக ஓட்டுநர் பள்ளியில் வேலை. மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் டீச்சர். அவர் "பிரேக்" என்று ஒரு சத்தம் போட்டால், ஓட்டுகிறவர் கால் தானாக அமுங்கும் என்பார்கள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரரும் சேர்ந்து பிரேக் போட்ட கதை ஒன்று உண்டு, அதைச் சொன்னவர் அவரே என்பதால் பாதிதான் நம்பலாம். வீட்டில் அந்தக் குரலுக்குக் கிடைத்த ஒரே மாணவர் லிஃப்ட்காரர். "ஏங்க" என்று கூப்பிடுவதிலேயே மூன்று படி வைத்திருந்தார். முதல் படி சாதாரணம். இரண்டாவது படியில் ஏகாரம் நீளும். மூன்றாவது படிக்கு எதிர் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்ப்பார். லிஃப்ட்காரர் பெரும்பாலும் மூன்றாவதற்குத்தான் எழுந்து போவார். காது கூர்மை என்று சொன்னேனே, அது மோட்டாருக்கு மட்டும்.

போன வருஷம் அந்தத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால் ஆள் பிழைக்கலாம், ஆனால் பேச்சு போய்விடும் என்று மருத்துவர் சொன்னார். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. அறுவை சிகிச்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அப்போது பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மாள் வந்து, அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள் அச்சிட்ட தாள்களைக் கையில் கொடுத்தார். குரல் இருக்கும்போதே இதையெல்லாம் வாசித்துப் பதிந்து வைத்துவிடுங்கள், பிறகு அதை வைத்துக் கணினி உங்கள் குரலிலேயே பேசும், நீங்கள் பொத்தானை அமுக்கினால் போதும் என்றார். பிரேக் டீச்சருக்கு அது ஒன்றுதான் அந்த மூன்று வாரத்தில் காதில் விழுந்த நல்ல சேதி. ஓட்டுநர் பள்ளி முதலாளியிடம் அப்போதே சொல்லிவிட்டார், நாலைந்து மாதத்தில் திரும்பி வருவேன், என் இடத்தில் ஆள் போடாதீர்கள் என்று.

படுக்கையறைக் கதவுக்குப் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்தி, பதினோரு நாள் இருவரும் வியர்த்து விறுவிறுத்துப் பதிந்தார்கள். வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தன. எல்லா எழுத்தின் சத்தமும் வர வேண்டும் என்பதற்காக யாரோ உட்கார்ந்து எழுதியவை. "மேசைமேல் ஏழு நீலக் குவளைகள் இருந்தன" என்று வாசித்துவிட்டு, எட்டாவதை உடைத்தது நீங்கதானே என்று அவர் கணவரைக் கேட்டார். அதோடு நிற்காமல், காருக்குள் தேவைப்படும் நாற்பது வார்த்தைகளைத் தானே ஒரு தாளில் எழுதி அவற்றையும் பதிந்தார். கிளட்ச். கண்ணாடியைப் பார். இடது, இடதுன்னா அந்தக் கை. பிரேக். கடைசியைப் பதியும்போது லிஃப்ட்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வீச வேண்டியதாயிற்று.

அறுவை சிகிச்சை நடந்தது, ஆள் பிழைத்தார், வீடு அடங்கிப்போனது. இப்போது ஏதாவது வேண்டுமென்றால் எழுதி அழிக்கும் பலகையில் எழுதிக் காட்டுவார். கணவர் வேறு அறையில் இருந்தால் இரண்டு முறை கையைத் தட்டுவார். லிஃப்ட்காரர் முதல் தட்டிலேயே ஓடி வந்தார். நாலு மாதம் அப்படிப் போனது.

குரலை உருவாக்கும் மென்பொருளை ஓட்டக் கணினியில் நிறைய இடம் வேண்டும் என்றார் பயிற்சி அம்மாள். கணினியிலோ கழுத்து வரை மோட்டார் சத்தம். பிரேக் டீச்சர் ஒருநாள் பலகையில், 'உங்க உறுமலைக் கொஞ்சம் அழிச்சா இடம் வராதா?' என்று எழுதிக் காட்டினார். அது தொழில், அதில் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார் இவர். பயிற்சி அம்மாள் இன்னொன்றும் கேட்டிருந்தார்: பதிவை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறீர்கள்தானே? இவர் தலையை ஆட்டி வைத்தார். வைக்கவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்ததுதான் உண்மை. லிஃப்டுக்கு ஆறு கயிறு கட்டுகிற மனிதர், மனைவியின் குரலை ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். அவரைத் திட்டுவதென்றால் நான் இந்த இடத்தில்தான் திட்டுவேன்.

ஆக, இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கினார். குரலுக்கு இன்னொரு பிரதியும் ஆச்சு, மென்பொருளுக்கு இடமும் ஆச்சு. பழையது ஐந்நூறு ஜிபி. புதியது இரண்டு டெரா, அதாவது நாலு மடங்கு.

கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் மனைவியின் தம்பி. வேறு ஊரில் ஒரு நிறுவனத்தின் கணினிகளைக் காவல் காக்கிற வேலை. அக்கா என்றால் உயிர். வைரஸ் வராது மாமா, சொன்ன பேச்சைக் கேட்கும் என்று சொல்லித்தான் போட்டார். இரண்டும் நடந்தது. அது சொன்ன பேச்சைக் கேட்பதுதான் வினையாகவும் போனது.

அன்று மனைவி காலையிலேயே பேச்சுப் பயிற்சிக்குப் போயிருந்தார், மத்தியானம்தான் வருவார். அவர் வருவதற்குள் வேலையை முடித்து, கணினியில் அவர் குரலை ஒரு முறை ஓடவிட்டு அசத்த வேண்டும் என்று லிஃப்ட்காரர் விடுப்புப் போட்டிருந்தார். பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கியது போதாதென்று, 'ஆள் உள்ளே இருக்கிறார், சுவிட்சைத் தொடாதே' என்ற தன் தொழில் அட்டையைச் சுவிட்சில் மாட்டினார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, கையோடு கொண்டுவந்த ஒட்டுத்தாளில் இரண்டு துண்டு கிழித்தார். ஒன்றில் 'பெரியவன்' என்று எழுதிப் பழைய டிஸ்கில் ஒட்டினார். இன்னொன்றில் 'சின்னவன்' என்று எழுதிப் புதியதில் ஒட்டினார். சின்னவனைத் தட்டில் வைத்து நாலு திருகு முடுக்கி, மின்சாரக் கேபிள் ஒன்று, தகவல் கேபிள் ஒன்று, இரண்டையும் கிளிக் என்று சத்தம் வரும்வரை அமுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டு பிளக்கைத் திரும்பச் செருகி, மச்சானுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

மச்சான் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே மாட்டியிருந்தார். கணினியை அதன் டிஸ்கிலிருந்து எழுப்பாமல், தான் அனுப்பிவைத்த பென் டிரைவிலிருந்து எழுப்பச் சொன்னார். ஓடுகிற கூண்டில் கயிறு மாற்றுவீங்களா மாமா, அது மாதிரிதான், ரெண்டு டிஸ்கும் சும்மா இருக்கணும் என்றார். இவருக்கு அது நன்றாகவே புரிந்தது. புரியாதது ஒன்று இருந்தது, அதை மச்சானும் அப்போது நினைக்கவில்லை. பழைய டிஸ்கிலிருந்து கணினி ஓடியிருந்தால், அந்த டிஸ்கை அழிக்கச் சொன்னால் கணினியே முடியாது என்று மறுத்திருக்கும். பென் டிரைவிலிருந்து ஓடும்போது இரண்டும் அதற்கு ஒன்றுதான்.

ஒரு கட்டளையை அடிக்கச் சொன்னார். திரையில் டிஸ்குகளின் பட்டியல் வந்தது. லினக்ஸ் அவற்றை எஸ்டிஏ, எஸ்டிபி என்று சொல்லும். லிஃப்ட்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அளவைப் பார்த்தார். எஸ்டிஏ பக்கத்தில் 465 என்று இருந்தது, டிஸ்கின் அளவைக் கணினி எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். அது பழையது. எஸ்டிபி பக்கத்தில் 1.8 டெரா. அது புதியது. அவர் துளியும் தவறாகப் பார்க்கவில்லை.

"மாமா, அதுல பெரியது எது? எஸ்டிஏவா, எஸ்டிபியா?"

"பெரியவன் எஸ்டிஏ."

"நிச்சயமா?"

"நிச்சயம், மச்சான். பேர் எழுதி ஒட்டியே வச்சிருக்கேன்."

மச்சானுக்கு அதில் ஒரு நிம்மதி. மாமா எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் என்று அவருக்குத் தெரியும். எஸ்டிஏவுக்குக் கீழே ஒன்று என்ற எண் போட்டு ஒரு கிளை, அதாவது டிஸ்கில் பிரித்த ஒரு பகுதி, இருக்கிறதா என்று கேட்டார், இருந்தது. புது டிஸ்க் சில சமயம் அப்படித்தான் வரும் என்று மச்சான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, அக்கா குரலாச்சே, டிஸ்கில் எங்காவது ஓட்டை இருந்தால் இப்போதே தெரிந்துவிடட்டும், முதலிலிருந்து கடைசி வரை எழுதிப் படித்துச் சோதித்துவிட்டே ஃபார்மட் செய்வோம் என்றார். சோதிப்பது என்ற சொல் லிஃப்ட்காரருக்கு மிகவும் பிடித்த சொல். எதைச் சோதிக்கிறோம் என்பதையும், ஃபார்மட் என்றால் இருப்பதைத் துடைத்துவிடுவது என்பதையும் மச்சான் தனியாகச் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக மச்சான் சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் அடித்தார். கடைசியில் எஸ்டிஏ ஒன்று. திரும்ப வாசித்துக் காட்டினார். சரி என்றார் மச்சான்.

அதற்குப் பிறகு கணினி ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி, ஆமாவா இல்லையா என்று கேட்டது. இரண்டு வரி இருந்தது. இரண்டாவது வரியில் நேற்றைய தேதி இருந்ததை இவர் பார்த்தார். பார்த்தது மனதில் நிற்கவில்லை.

"ஏதோ கேக்குது, மச்சான்."

"கேக்கும் மாமா. ஒய் போடுங்க."

போட்டார். பூஜ்யம், புள்ளி, ஒன்று என்று சதவீதம் ஓட ஆரம்பித்தது. இது சாயங்காலத்தையும் தாண்டி ஓடும், தொடாதீர்கள், நடுவில் கூப்பிடுகிறேன் என்று மச்சான் அடுத்த கூட்டத்துக்குப் போனார். லிஃப்ட்காரர் காபி போட்டுக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். எண் ஏறுவதைப் பார்ப்பது அவருக்கு எப்போதும் பிடிக்கும், மாடி எண் மாதிரி. ஐந்து. பதினொன்று. பத்தொன்பது. நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டார். அந்தக் காபியை அவர் ரசித்துக் குடித்தார்.

மச்சான் அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். எத்தனை ஆச்சு என்று கேட்டார்.

"முப்பத்தி நாலு."

"முப்பத்தி நாலா? முழுசா முப்பத்தி நாலா?"

"ஆமா. நல்லாப் போகுது."

 இரண்டு டெரா டிஸ்க் அரை மணியில் எட்டு ஒன்பதைத் தாண்டாது என்பது மச்சானுக்குத் தொழிலில் படிந்த கணக்கு. பேரிங் சத்தம் இவருக்குக் கேட்பது போல, அந்த எண் அவருக்குக் கேட்டது.

"மாமா, பெரியவன்னா எத்தனை ஜிபி?"

"நானூத்தி அறுபத்தஞ்சு. பழசு. ஏன்?"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் வந்தது. பிடுங்குங்க மாமா, பிளக்கைப் பிடுங்குங்க என்று மச்சான் சொன்ன குரலில், முப்பத்தோரு வருஷத்தில் லிஃப்ட் ஓடும் குழிக்குள் கேட்ட கூச்சல்களை எல்லாம் இவர் கேட்டார். பிடுங்கினார். சுவிட்சில் அவருடைய அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பெரியவன் என்ற ஒட்டுத்தாள் ஒட்டிய இடத்தில்தான் இருந்தது, ஒரு ஓரம்கூடக் கிளம்பவில்லை.

அப்போதுதான் அந்தத் தேதி அவருக்கு ஞாபகம் வந்தது. நேற்று வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்த டிஸ்கை நேற்றே யார் ஓட்டியிருக்க முடியும்? கணினி அவரிடம் சொல்லித்தான் இருந்தது. இது பழகின டிஸ்க், நேற்றுவரை ஓடின டிஸ்க், அழிக்கவா என்று முறையாகக் கேட்டுத்தான் இருந்தது.

மச்சான் போனில் அழுதார். நான் அளவைக் கேட்டிருக்கணும் மாமா என்றார். இல்லை, நான்தான் ஒழுங்காச் சொல்லியிருக்கணும் என்றார் இவர். தப்பைப் பங்கு போட்டுக்கொள்வதில் இருவரும் தாராளமாக இருந்தார்கள், அதனால் டிஸ்கில் ஒரு எழுத்தும் திரும்பி வரவில்லை. இனிமேல் அதைத் தொடக்கூடாது, அழிந்ததைத் தோண்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள், மீதி அறுபத்தாறு சதவீதத்தில் அக்கா இருந்தால் வரலாம் என்றார் மச்சான்.

மத்தியானம் மனைவி வந்தார். பெட்டி திறந்து கிடப்பதைப் பார்த்து, புருவத்தை உயர்த்திக் கேட்டார். இவர், "வேலை நடந்துட்டிருக்கு" என்றார். அப்புறம் பத்து நாள் அதையே சொன்னார். கேபிள் சரியில்லை என்றார், மச்சானுக்கு நேரமில்லை என்றார், பெட்டியை மூடி மூலையில் தள்ளி மேலே ஒரு துண்டையும் போட்டார். பொய் சொல்லத் தெரியாதவர் பொய் சொன்னால் தேவையில்லாத விவரம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். கேபிளின் நிறத்தைக்கூடச் சொன்னார்.

அந்தப் பத்து நாளும் மனைவி என்ன செய்தார் என்பதுதான் இவரைக் கொன்றது. பொத்தான் பலகை கைக்கு வருவதற்கு முன்னாலேயே பழகிக்கொள்ள வேண்டும் என்று, அட்டையில் நாற்பது கட்டம் போட்டு, கிளட்ச், இடது, கண்ணாடி என்று எழுதி வைத்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் அதை இடது தொடையில் வைத்து, கண்ணை ரோட்டில் வைப்பது போல எதிர்ச் சுவரில் வைத்து, பார்க்காமலே விரலால் தடவித் தடவி அமுக்குவார். பிரேக் என்ற கட்டத்தை மட்டும் நாலு விரல் அகலத்துக்குப் போட்டிருந்தார். இவர் எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். வாய்க்குப் போகாது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் வாயைத் திறப்பார். திறந்த வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவார்.

அழிந்ததைத் தோண்டி எடுக்கும் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நடத்துகிறவர் ஒரு பெண், எல்லாரும் டிஸ்க் டாக்டர் என்பார்கள். பெரியவனைக் கழற்றி மறுநாளே அங்கே கொடுத்திருந்தார் இவர்; பத்தாம் நாள் அந்தப் பெண் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல சேதி மாதிரிதான் ஆரம்பித்தார். நிறையச் சத்தம் மீண்டிருக்கிறது, பெயர் மட்டும் போய்விட்டது, ஒன்று இரண்டு என்று எண்தான் இருக்கும் என்றார். காதில் மாட்டிக்கொள்ளக் கொடுத்தார்.

முதலாவது ஓடியது. மோட்டார். இரண்டாவது, மோட்டார். இவர் முப்பது நாற்பது கேட்டார். எந்தக் கட்டடம், எந்த மாதம் என்றுகூட அவரால் சொல்ல முடிந்தது. பெயர் போனாலும் அவை ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்தவை. பன்னிரண்டு வருஷ உறுமலில் முக்கால்வாசி, ஒரு கீறல் இல்லாமல், திரும்பி வந்திருந்தது.

"பேச்சு ஏதும் இல்லையாம்மா?"

அந்தப் பெண் இதை எதிர்பார்த்திருந்தார் போல. அழிந்த முதல் பகுதியில்தான் அவை பெரும்பாலும் இருந்திருக்கின்றன, இடம் நெருக்கடியில் அங்கங்கே கிடைத்த சந்தில் போய் விழுந்திருக்கின்றன என்றார். பாதி வாக்கியம், கால் வாக்கியம் என்று உடைந்து கிடப்பவை நிறைய, அவை கரகரவென்று ஒன்றும் புரியாது. முழுசாக வந்தவை ஒன்பது.

ஒன்பதையும் இவர் நின்றுகொண்டே கேட்டார். மேசைமேல் ஏழு நீலக் குவளைகள் இருந்தன. மழைக்கு முன் ஓட்டைப் பிரித்து மேய்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அஞ்சலகம் திறந்திருக்காது. பிள்ளையை ஏங்க விடாதீர்கள். ஔவியம் பேசுவது நன்றன்று. இப்படி ஒன்பது. நாற்பதில் ஒன்றுகூட இல்லை. கிளட்ச் இல்லை, இடது இல்லை, பிரேக் இல்லை. ஒன்பதை வைத்துக் குரல் உருவாக்க முடியாது, குறைந்தது முந்நூறாவது வேண்டும் என்று பயிற்சி அம்மாள் முன்பே சொல்லியிருந்தார். டிஸ்க் டாக்டர் ஒன்பதையும் ஒரு பென் டிரைவில் போட்டு, மோட்டார்களை வேறொன்றில் போட்டுக் கொடுத்தார். மோட்டாரை இவர் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பெண் வற்புறுத்திச் சட்டைப் பையில் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி மேசையில் அட்டையோடு உட்கார்ந்திருந்தார். இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.  மனைவி பலகையை எடுத்து ஒரே ஒரு சொல் எழுதித் திருப்பிக் காட்டினார்.

'எத்தனை?'

இவருக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிறகு, "ஒன்பது" என்றார்.

மனைவி பலகையை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். தம்பி அன்றைக்கே அழுதுகொண்டு செய்தி அனுப்பிவிட்டானாம். பத்து நாளும் தெரியும். கேபிளின் நிறத்தை இவர் சொன்னபோதும் தெரியும். ஏன் கேட்கவில்லை என்று இவர் கேட்டதற்கு இப்படி எழுதினார்: 'நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். திட்டணும்னா குரல் வேணும்.'

லிஃப்ட்காரர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டார். திட்டிவிடு என்று கேட்கக்கூட முடியாத இடத்தில் அவர் இருந்தார். மனைவி எழுந்து போய், துண்டை எடுத்துவிட்டுக் கணினிப் பெட்டிக்குள் பார்த்தார். பெரியவன் இருந்த தட்டு காலியாக இருந்தது. சின்னவன் மட்டும், ஒட்டுத்தாளோடு, ஒரு சத்தமும் பதியப்படாமல் உள்ளே இருந்தான்.

மறுநாள் ஓட்டுநர் பள்ளிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். காரில் பேச, கணினியோடு வரும் ஏதோ ஒரு பெண்ணின் குரலை வைத்துக்கொள்கிறேன், அதற்குச் சம்மதமென்றால் வருகிறேன் என்று. அந்தக் குரலைப் போட்டுக் காட்டினார். தெளிவாக, இனிமையாக, யாரையும் பதறவைக்காமல் அது பிரேக் என்றது. லிஃப்ட்காரருக்குக் கால் அசையவில்லை. மாணவருக்கும் அசையாது என்பது இருவருக்கும் தெரிந்தது. முதலாளி பார்க்கலாம் என்று பதில் போட்டார்.

அந்த வாரக் கடைசியில் சின்னவனை மச்சான் நேரில் வந்து சரியாகப் பொருத்திக் கொடுத்தார். எஸ்டிஏ, எஸ்டிபி எதுவும் பேசவில்லை, டிஸ்கைக் கையில் எடுத்து மாமாவிடம் காட்டி, தலையாட்டு வாங்கிக்கொண்டுதான் ஒவ்வொன்றும் செய்தார். ஒன்பது வாக்கியங்களையும் அதில் வைத்தார். மூன்று பென் டிரைவில் பிரதி எடுத்தார். இரண்டு டெராவில் அந்த ஒன்பது எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டியிருந்தது. அன்று மத்தியானம் மச்சான் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு, மனைவி கணினி முன்னால் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். ஒலியை வெட்டி ஒட்டும் வேலையைப் பதிவு நாட்களில் இவரைப் பார்த்தே கற்றிருந்தார். இவர் பின்கட்டில் உட்கார்ந்து ஒரு பழைய பேரிங்குக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து, "ஏங்க" என்று கேட்டது.

இவர் கையில் பேரிங் அப்படியே நின்றது.

பிள்ளையை ஏங்க விடாதீர்கள் என்ற வாக்கியத்தின் முன்னையும் பின்னையும் வெட்டி எறிந்திருக்கிறார் என்று புரிய இவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் குரல்தான். ஆனால் கூப்பிட்ட குரல் இல்லை, தாளைப் பார்த்து வாசித்த குரல். இவர் அசையவில்லை. "ஏங்க" என்று மறுபடியும் வந்தது. ஏகாரம் நீளவில்லை. மூன்றாவது முறையும் வந்தது. ஸ்பீக்கரின் ஒலியை முழுக்க ஏற்றியிருந்தார் போல, சத்தம் மட்டும் பெரிதாக இருந்தது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. மூன்றும் ஒரே மாதிரி இருந்தன, படி எதுவும் இல்லாமல்.

இதோ வந்துட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மசகு அப்பிய கையோடு எழுந்து போய், அறை வாசலில் நின்று, இரண்டு முறை கையைத் தட்டினார்.